எட்டு மணி பஸ்ஸின் கண்

“அப்பா, நம்ம பஸ்ஸுக்குக் கண்ணு தெரியுமா?”

ஒரு காலை வேளையில், லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மகள் இப்படிக் கேட்டாள். அவள் அப்பா சாவிக்காரர் கண்களை இறுக மூடியிருந்தார். மூடியபடியே பதில் சொன்னார்.

“தெரியுமே. முன்னாடி ரெண்டு விளக்கு இருக்குல்ல, அதான் கண்ணு.”

“அது இல்லப்பா. நெஜக் கண்ணு.”

“நெஜக் கண்ணு டிரைவருக்கு. ஆடாம நில்லு, ரிப்பன் அவுந்துடப் போகுது.”

அந்தக் கேள்வியை அவர் அப்போதே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி, கடவுள் நமக்குச் சொல்லி அனுப்பும் பதில்கள். நாம்தான் கடைசியில் இருக்கும் வினாக்குறியைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

அவர் கண்ணை மூடியிருந்தது பக்தியால் அல்ல, பயத்தால். அவருக்கு உயரம் ஆகாது. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றுவதற்கே மனைவியைக் கூப்பிடுகிறவர். அப்படிப்பட்டவருக்குப் பதினான்காம் மாடியில் வீடு அமைந்தது. மேல் மாடி என்றால் காற்று வரும் என்று மனைவி சொன்னார். காற்று வந்தது, அதை வாங்க அவர்தான் பால்கனிப் பக்கம் வரவில்லை.

போதாததற்கு லிஃப்டும் கண்ணாடி. கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கும். ‘ஊரைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம்’ என்று விற்கும்போது சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு லிஃப்டும் உண்டு. அது குடிவந்த நாளிலிருந்து ‘பழுது’ என்ற பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பலகை மட்டும் இடையில் புதிதாக மாற்றப்பட்டது.

அந்தக் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் கிடையாது. வாசலிலேயே பஸ் நிறுத்தம் இருக்கும்போது கார் எதற்கு என்று கட்டியவர் கேட்டாராம். வாஸ்தவம்தானே என்று அனுமதி கொடுத்தவர்களும் தலையாட்டினார்களாம். ஆகவே கார் நிற்க வேண்டிய இடத்திலும் வீடுகள் எழும்பின. விளைவாக, காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு கிராமத்து ஜனம் ஒரே லிஃப்டில் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்கும், கதவு திறக்கும், இரண்டு பேர் ஏறுவார்கள், ஒருவர் “டிபன் பாக்ஸை மறந்துட்டேன், ஒரு நிமிஷம்” என்பார்.

மற்றவர்கள் கைப்பேசியில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்ப்பாள். சாவிக்காரர் மட்டும் வெளியே முதுகைக் காட்டி, கதவோடு கதவாக நிற்பார். அதனால் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும் ஜனங்கள் அவர் முகத்தில்தான் விழித்தார்கள். அன்றைக்கு ஏதாவது காரியம் கெட்டுப்போனால் யாரைச் சொல்வது என்பதில் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் குழப்பமே இருந்ததில்லை.

சாவிக்காரர் என்ற பெயர் வேலையால் வந்தது. ஊருக்கு நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் பெயர் பதிகிறவர். கூடத்தின் சாவியும் அவரிடம். காலையில் கதவைத் திறப்பவர் அவர்தான். சாவியை ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். நடக்கும்போது அது கிலுங் கிலுங் என்று சத்தமிடும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பெரிய பாவம் என்று சொல்ல முடியாது, சின்னப் பெருமைதான்.

அவருக்கு இருந்த ஒரே குறை, எட்டு மணி பஸ்.

எட்டு மணி பஸ் எட்டு மணிக்கு வராது. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பையைத் தோள் மாற்றி, “இன்னிக்கும் காணோம் பாரு” என்று சொல்லி முடிக்கும்போதுதான் வளைவில் திரும்பி வரும். ஒரு நாள்கூட அவருக்கு முன்னால் வந்ததில்லை.

“நீங்க கொஞ்சம் முன்னாடி கிளம்பினாத்தான் என்ன?” என்று மனைவி கேட்பார்.

“எதுக்கு? பஸ்ஸே நான் போனப்புறம்தான் வருது. முன்னாடியே போய் ரோட்டுக்குக் காவல் இருக்கச் சொல்றியா?”

இதற்கு மனைவியிடம் பதில் இருந்தது. சொன்னால் அவர் இன்னும் தாமதமாவார் என்று சொல்லாமல் விட்டார்.

மகளைப் பள்ளி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு அவர் வேலைக்குப் போய்ச் சேரும்போது வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். அத்தனை பேரும் வெறும் வயிற்றுக்காரர்கள். வெறும் வயிறோடு வந்தவர்களிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது.

“நேத்து ராத்திரி சாப்பிட்டது சார். வயிறு என்னைத் திட்டுது, நான் உங்களைத் திட்டறேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் ஒரு சர்க்கரைக்காரர்.

கூடத்தின் சொந்தக்காரர் ஒரு டாக்டரம்மா. அவர் குரலை உயர்த்த மாட்டார். அதனால் அவர் பேசினால் கொஞ்சம் பயமாக இருக்கும்.

“பசியோட வர்றவங்களைத் தெருவுல நிக்க வைக்கிறது பாவங்க. இனிமேலும் இப்படின்னா உங்களைச் சாயங்கால ஷிஃப்டுக்கு மாத்திட்டு, காலையில வேற ஆளைப் போட்டுடுவேன்.”

சாயங்கால ஷிஃப்ட் என்றால், மகள் பள்ளியிலிருந்து வருமுன் இவர் கிளம்ப வேண்டும். திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதே அந்த பஸ்ஸில்தான். முந்தின நாளின் சண்டைகள், விழுந்த பல், எல்லாம் ஜன்னலோர இருக்கையில்தான் அவருக்குச் சொல்லப்படும். அது போய்விட்டால் மகளை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியைப் போலப் பார்க்க வேண்டியதுதான்.

அன்று மதியமே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“எட்டு மணி பஸ் தெனமும் லேட்டா வருதும்மா.”

“எவ்வளவு லேட்டா சார்?”

“நான் நிறுத்தத்துக்கு வந்தப்புறம் வருது.”

“நீங்க எப்ப சார் வருவீங்க?”

“அது லிஃப்டைப் பொறுத்ததும்மா.”

“லிஃப்ட் எங்க துறையில வராது சார்.”

“பஸ் வரும்ல? அதை எழுதிக்குங்க.”

அவள் எழுதிக்கொண்டாள். அரசாங்கக் காரியம் நடக்காது என்று நம்பிக் கொடுக்கும் புகார்களில் எப்போதாவது ஒன்று நடந்துவிடும். இது நடந்துவிட்டது. இரண்டொரு நாளில் கையில் கடிகாரமும் சட்டைப்பையில் விசிலுமாக ஒரு பரிசோதகர் அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தார்.

எட்டு மணி பஸ் எட்டு மணிக்கு வந்தது.

அப்போது லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் இருந்தது. கட்டடமே கீழே வந்து சேர்ந்தபோது பஸ்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. “இன்னிக்கு என்னவோ சீக்கிரம் வந்துடுச்சு” என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். மறுநாளும் சீக்கிரம் வந்தது. அதற்கு மறுநாளும். ஷேர் ஆட்டோவில் நான்கு பேரின் மடிகளில் பங்கு போட்டு உட்கார்ந்து போன சாவிக்காரர், வழியிலிருந்தே மறுபடி போன் போட்டார்.

“பஸ் சீக்கிரம் வருதும்மா.”

“சார், போன வாரம் லேட்டா வருதுன்னு சொன்னது நீங்கதானே?”

“அது போன வாரம்.”

“நாங்க பார்த்தவரைக்கும் சரியான நேரத்துக்கு வருது சார்.”

“அதைத்தான்மா சொல்றேன்.”

“பஸ் நேரத்துக்கு வருதுன்னு புகார். பதிஞ்சுக்கறேன் சார். இது புது மாதிரியா இருக்கு.”

இந்தப் புகாருக்கும் பலன் கிடைத்தது. வண்டி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றை பஸ்ஸில் பூட்டினார்கள். அதன்பின் பஸ் கடிகாரத்தைவிட ஒழுங்காக வரத் தொடங்கியது.

இனி லிஃப்டைத் திருத்துவதுதான் வழி என்று அவர் முடிவு செய்தார். குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினார். காலையில் லிஃப்ட் எங்கும் நிற்காமல் நேராக மேலே போக வேண்டும். மேல் மாடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு நேராகக் கீழே வர வேண்டும். பிறகே கீழ் மாடிக்காரர்களுக்கு முறை. கீழ் மாடிக்காரர்கள் பலர் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மூன்றாம் மாடியில் ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவர் இருந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கால் வைத்தியத்துக்குப் போய் வருகிறவர். அவர் மட்டும் கூட்டத்தில் கை தூக்கினார்.

“அப்ப நாங்க எப்படிங்க கீழ வர்றது?”

“மூணு மாடிதானேங்க, படியில...” என்று ஆரம்பித்த சாவிக்காரர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்” என்று முடித்தார்.

கீழ் மாடிக்காரர்கள் தங்கள் ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொண்டார்கள். லிஃப்ட் நிற்காது என்றால் தரைத்தளத்துக்கே நடந்து போய், அங்கே அதைப் பிடித்து, இடம் போட்டுக்கொண்டு மேலே போய், மேலிருந்து மறுபடி கீழே வந்தார்கள். கீழே இறங்கியவர்கள் அப்படியே வாசலுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே யாரும் கேட்கவில்லை. நமக்கு உரிமையான ஒன்றைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றிவிட்டால், பிறகு அது நமக்குத் தேவையா என்று யோசிக்க மனது இடம் கொடுப்பதில்லை.

ஆக, பதினான்காம் மாடிக்கு லிஃப்ட் வந்து சேர்ந்தபோதே நிரம்பி வழிந்தது. இடித்துக்கொண்டு ஏறியதில் சாவிக்காரருக்குக் கதவோர இடம் கிடைக்கவில்லை. ஆயுளில் முதல்முறையாகக் கண்ணாடிப் பக்கம் தள்ளப்பட்டு, மூக்கு கண்ணாடியில் பதிய, கண்ணை இறுக மூடிக்கொண்டார். லிஃப்ட் பாதி வழி வந்து, ஒரு முனகல் முனகி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

“யார் யோசனைங்க இது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“நமக்கு முன்னாடி கண்ணை மூடிட்டு நிக்கிறாரே, அவர் யோசனைதான்.”

“யோசனை பண்ணும்போதும் மூடிட்டுத்தான் இருந்திருப்பார்.”

மகள் அவர் சட்டையை இழுத்தாள். “அப்பா, கண்ணத் தொற. பஸ் வருது.”

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கீழே உலகம் பொம்மைக் கடை போல் கிடந்தது. தூரத்து வளைவில், மரத்துக்குப் பின்னாலிருந்து பஸ்ஸின் முகம் எட்டிப் பார்த்தது. அங்கே ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. பிறகு நகர்ந்து வாசலுக்கு வந்தது. கதவைத் திறந்தது. யாரும் ஏறவில்லை. கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

“முன்னெல்லாம் அங்கயே நிக்கும்பா. இப்ப நிக்கவே மாட்டேங்குது. பஸ்ஸுக்குக் கண்ணு வலியா?”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று கூடத்தின் கதவு திறந்தபோது சர்க்கரைக்காரர் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். இனி நாளைக்குத்தான் பரிசோதனை. டாக்டரம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் இப்படின்னா, நீங்க வர வேணாம். சாவியை மட்டும் அனுப்பி வைங்க” என்றார், மெதுவாக.

மறுநாள் அவர் லிஃப்டை நம்பவில்லை. தலை வாராமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியில் இறங்கினார்.

“நீ பாப்பாவ லிஃப்ட்ல கூட்டிட்டு வந்துடு. நான் கீழ நிக்கிறேன்” என்று மனைவியிடம் சொன்ன குரல் பன்னிரண்டாம் மாடியிலிருந்து கேட்டது.

வாசலுக்கு வந்து மூச்சு வாங்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார். பஸ்ஸில் பாதி இருக்கை காலி. இந்த வண்டியில் உட்கார்ந்து போக முடியும் என்பதையே அன்றுதான் அறிந்தார். இருந்தாலும் உட்காரவில்லை. கண்டக்டரிடம் போனார்.

“ஒரு நிமிஷம் இருங்க. என் பொண்ணு லிஃப்ட்ல வந்துட்டிருக்கா.”

“நிக்கக் கூடாது சார். ஆர்டர்.”

“ஒரே ஒரு நிமிஷம்ங்க.”

“ஒரு நிமிஷம் என்ன, ஒவ்வொரு நாளும் நின்ன வண்டி சார் இது.” கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. “உங்க பில்டிங்ல இருந்து ஒரு புண்ணியவான் புகார் கொடுத்தாராம், பஸ் லேட்டா வருதுன்னு.”

“லேட்டாத்தானே வந்துச்சு?”

“எங்க சார் லேட்டா வந்துச்சு? எட்டு மணிக்கு டாண்ணு அந்த வளைவுக்கு வந்துடும். அங்கேருந்து பார்த்தா உங்க லிஃப்ட் தெரியும். அது தரைக்கு வந்து சேர்ந்தப்புறம்தான் டிரைவரம்மா வண்டியை எடுப்பாங்க.”

சாவிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் இந்த வேலைன்னு நானும் ஒருநாள் கேட்டேன் சார். அதுக்கு அந்தம்மா சொன்னாங்க: ‘வீடு கட்டினவரு பஸ்ஸை நம்பிக் கட்டிட்டாரு. பஸ் விட்டவங்க வீட்டை நம்பி விட்டுட்டாங்க. நடுவுல இருக்கிற லிஃப்டை யாரும் நினைக்கல. நானாவது நினைக்கிறேனே’ன்னு. அந்த நேரத்தை ஈடுகட்ட, கடைசி நிறுத்தத்துல ஓய்வு எடுக்காம, டீகூடக் குடிக்காம வண்டியைத் திருப்புவாங்க. இப்ப மெமோ கொடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வளைவுல நின்னா வேற ரூட்டுக்கு மாத்திடுவாங்களாம்.” கண்டக்டர் பெருமூச்சு விட்டார். “அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கணும்.”

கிடைத்திருப்பதைப் புண்ணியவான் சொல்லவில்லை. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வெளிச்சுவரில் கண்ணாடி லிஃப்ட் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதில் தாழ்வாக, கண்ணாடியில் பதிந்த ஒரு சின்ன உள்ளங்கை. பஸ் போவதை அது பார்த்துக்கொண்டே இறங்கியது.

அத்தனை நாளும் அந்தக் காட்சிக்குத்தான் அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினார். வாசலில் மனைவியும் மகளும் நின்றார்கள். பக்கத்தில் ஊன்றுகோல்காரர், ஷேர் ஆட்டோவின் உயரமான படியை அளந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

“பஸ்ஸுக்கு இப்பக் கண்ணு தெரியலப்பா” என்றாள் மகள்.

“தெரியும்டா கண்ணு. நான்தான் துணியைக் கட்டிவிட்டுட்டேன்.”

அவர் ஊன்றுகோல்காரரைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். மகளைப் பள்ளியில் விட்டார். வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா உள்ளங்கையை நீட்டினார். சாவிக்காரர் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றினார்.

“அடுத்த தெருவுல இருக்காங்களே, ரத்தம் எடுக்கிற அக்கா, அவங்ககிட்ட கொடுத்துடுங்க டாக்டர். அவங்க திறக்கட்டும். நான் மதியம் கூடுதலா இருந்து வேலை பார்த்துட்டுப் போறேன். காலை வேலையிலேருந்து மட்டும் மாத்திடாதீங்க. என் பொண்ணோட வர்ற நேரம் அது.”

டாக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டார். “சரி. ஒரு மாசம் நேரத்துக்கு வந்து காட்டுங்க. சாவியைத் திருப்பித் தர்றேன். சாவி இல்லாம உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல.”

மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் நேராக பஸ் பணிமனைக்குப் போனார். அங்கே ஓர் அதிகாரி. புகார் கொடுத்தவர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். இப்பப் பஸ் எப்படி வருது?”

“ரொம்ப நேரத்துக்கு வருது.”

“பார்த்தீங்களா? நாங்க நடவடிக்கை எடுத்துப் பலன் கிடைச்ச புகார் உங்களோடதுதான். எல்லாக் கூட்டத்துலயும் சொல்லிட்டிருக்கேன்.”

“அதை வாபஸ் வாங்கணும்.”

அதிகாரியின் முகம், பிள்ளைக்குப் பெயர் வைத்த பிறகு மாற்றச் சொன்னது போல் ஆயிற்று. “வாபஸ் வாங்க வழி இல்லையே. வேணும்னா பாராட்டு சொல்லலாம்.”

“சரி, அந்த டிரைவரம்மாவைப் பாராட்டணும். வளைவுல வண்டியை நிறுத்தி, எங்களுக்காகக் காத்திருந்ததுக்கு.”

“அப்படிச் சொன்னீங்கன்னா அதுக்கு இன்னொரு மெமோ கொடுக்கணும் சார்.”

சாவிக்காரர் பாராட்டையும் வாபஸ் வாங்கிக்கொண்டார். உதவி செய்ய நினைத்து மேலும் கெடுப்பதில் தமக்கு ஒரு கைராசி இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப வண்டி எதுக்காகவும் நிக்கவே கூடாதா?” என்று எழுந்துகொண்டே கேட்டார்.

“வளைவுல நின்னா தப்பு. நிறுத்தத்துல ஆள் ஏறும்போது நின்னா தப்பே இல்ல. ஒருத்தர் படியில கால் வச்சுட்டா, அவர் ஏறி முடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது பாருங்க. அந்த நேரத்தை நாங்களே கூட்டிக் கொடுத்துடுவோம். டிரைவரோட ஓய்வுல கை வைக்க மாட்டோம்.”

“ஏறி முடிக்கிற வரைக்குமா?”

“ஏறி முடிக்கிற வரைக்கும்.”

சாவிக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து முன்னதாகவே கிளம்பினார். சங்கத்தில் சொல்லி லிஃப்டைப் பழையபடி எல்லா மாடியிலும் நிற்க வைத்தார். அவர் படியில் இறங்கினார். மகள் பக்கத்து வீட்டு டீச்சரோடு லிஃப்டில் வந்தாள்.

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றார் மனைவி. அவர் மறுக்கவில்லை.

படி இறங்கும்போது மனதுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்லிக்கொள்வார். தமக்கு என்ன வேண்டும் என்று அதில் கேட்க மாட்டார். தாமதம் என்று பெயர் வைத்து நாம் திட்டித் தீர்த்தவற்றில் யார் யாருடைய காத்திருப்பு இருந்ததோ, அவர்களுக்கெல்லாம் நன்றி என்று சொல்வார்.

எட்டு மணி பஸ் எட்டு மணிக்கு வரும். சாவிக்காரர் ஒற்றைக் காலை முன்படியில் வைப்பார். உடனே அவர் குடை கீழே விழும். அதை எடுக்கக் குனிந்தால் டிபன் பாக்ஸ் நழுவும். டிபன் பாக்ஸைப் பிடித்தால் பஸ் பாஸ் காணாமல் போகும். சட்டைப்பை, கால்சட்டைப்பை, பைக்குள் இருக்கும் பை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். தேடும்போது முகம் கட்டடத்தைப் பார்த்தபடி இருக்கும். கண்கள் அகலத் திறந்திருக்கும். லிஃப்ட் தரையைத் தொட்டு, கடைசி ஆளும் ஓடி வந்து பின்படியில் ஏறும்போது, முதலில் தேடிய சட்டைப்பையிலேயே பாஸ் கிடைத்துவிடும்.

“படியேறப் பல்லக்கு வேணுமா சார்?” என்று கண்டக்டர் கத்துவார். “இந்த ஆளைப் பெத்தவங்க எப்படித்தான் நடக்கக் கத்துக் கொடுத்தாங்களோ.”

“மன்னிச்சுக்குங்க” என்பார்.

டிரைவரம்மா திரும்பிப் பார்ப்பதில்லை. குடை விழுந்த சத்தம் கேட்டதும் கியரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று சாவிக்காரர் தெரிந்துகொள்ள முயலவில்லை. கடைசி நிறுத்தத்தில் அவர் மறுபடி உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கடந்தது. சாவி திரும்பி வரவில்லை. நேரத்துக்கு வந்து காட்ட அவரால் முடியவில்லை. குடை தினமும் விழுந்துகொண்டிருந்தது. பழக்கத்தால் எல்லோரும் அவரை இன்னும் சாவிக்காரர் என்றே அழைத்தார்கள். நடக்கும்போது மட்டும் சத்தமில்லை.

“அப்பா, பஸ்ஸுக்குக் கண்ணு சரியாயிடுச்சு” என்றாள் மகள் ஒருநாள், ஜன்னலோர இருக்கையில் சாய்ந்துகொண்டு.

“அப்படியா?”

“ஆமா. நான் லிஃப்ட்லேருந்து கையாட்டினேன். நின்னுச்சு.”

“நல்ல பஸ்” என்றார் அவர்.

அன்று அவர்களுக்குப் பின்னால் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தார். பத்தாம் மாடிக்குக் குடிவந்தவர். லிஃப்டிலிருந்து கடைசி ஆளாக ஓடிவந்து, மூச்சு இரைக்க, கிளம்பவிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறியவர். வியர்வையைத் துடைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன் இருக்கையில் குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஊன்றுகோல்காரரிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எல்லாம் இந்த ஆளாலதாங்க. இவர் ஏறி முடிக்கிறதுக்குள்ள பஸ் தெனமும் லேட்டாயிடுது. புகார் பண்றதுக்கு ஏதாவது நம்பர் இருக்கா?”